கைதியின் நாட்களுக்குக் கணக்குப்பிள்ளை யார்?

ஒரு மனிதனுக்குக் கோர்ட்டார் தண்டனை விதிக்கும்போது இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று பிசகில்லாமல் கணக்குச் சொல்லுகிறார்கள். அந்த மனிதன் தன் கெடுவுக்கு ஒரு நாள் முந்தி ஜெயிலைவிட்டு வெளியே வந்துவிட்டானானால், அதற்குத் தப்பியோடிய குற்றம் என்று பெயர் கொடுத்து, அவனைத் தேடிப் பிடித்து மறுபடியும் தண்டிக்கிறார்கள். ஆனால் அதே மனிதனைச் சர்க்கார் ஒரு நாளோ, ஒரு மாதமோ, மூன்று மாதமோ கூடுதலாக அடைத்து வைத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? அதற்கு "ஆபீஸ் தாமதம்" என்று பெயர். கைதி செய்தால் குற்றம். சர்க்கார் செய்தால் தாமதம்! இந்த வித்தியாசத்தைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகிறோம்.

நாம் சொல்லப்போகும் சங்கதிகள் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்தவை. அமெரிக்கா சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் பேர்போன தேசம் என்று மேடைகளில் பேசப்படுவதை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். அவ்வளவு பணமும், அவ்வளவு படிப்பும், கண் மூடித் திறப்பதற்குள் உலகத்தைச் சுற்றிச் செய்தி கொண்டுபோகும் கம்ப்யூட்டர் முதலிய சாதனங்களும் உள்ள தேசத்திலேயே, ஒரு கைதியின் காகிதம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகிறதென்றால், அதற்குக் காரணம் சாதனக் குறைவாயிருக்க முடியாது என்பது யாருக்கும் விளங்கும். காரணம் வேறு என்ன என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

இரண்டு ஜெயில்கள்

அந்த நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் ஜெயில்கள் இரண்டு வகையாக இருக்கின்றன. ஒன்று, நம் ஊர் சப் ஜெயிலைப் போன்ற உள்ளூர் ஜெயில். இதற்குக் கவுண்டி ஜெயில் என்று பெயர். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்ற ஒரு பிரிவு. இந்த ஜெயிலுக்குப் பெரும்பாலும் ஷெரிப் என்னும் அதிகாரிதான் எஜமானர். அவர் ஜனங்களின் ஓட்டினால் அந்தப் பதவிக்கு வருகிறவர். விசாரணை முடியாதவர்களையும், பொதுவாக ஒரு வருஷத்துக்கு உட்பட்ட சில்லறைத் தண்டனை அடைந்தவர்களையும் வைப்பதற்கென்று ஏற்பட்டது இந்த ஜெயில். மற்றொன்று, நம் சென்ட்ரல் ஜெயிலைப் போன்ற மாகாண ஜெயில். நீண்ட தண்டனை அடைந்தவர்கள் போக வேண்டிய இடம் இது. இதன் செலவும் நிர்வாகமும் மாகாண சர்க்காரைச் சேர்ந்தவை.

ஒருவனுக்கு நீண்ட தண்டனை விதிக்கப்பட்டவுடன் அவனை மாகாண சர்க்கார் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அவனுடைய உடம்போ உள்ளூர் ஜெயிலில் இருக்கிறது. அவனுடைய காகிதமோ கோர்ட்டுக் குமாஸ்தாவின் மேஜையில் இருக்கிறது. அந்தக் காகிதம் குமாஸ்தாவிடமிருந்து ஷெரிப்பிடம் போய், அங்கிருந்து மாகாண ஜெயில் இலாகாவுக்குப் போய், அங்கே ஒருவர் கணக்குப் போட்டு, பிறகு வண்டி அனுப்பினால்தான் கைதி நகருவான். இந்த மூன்று இடத்தில் எந்த இடத்தில் காகிதம் தூங்கினாலும் கைதியும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"ஜெயில் என்றால் எல்லாம் ஜெயில்தானே, அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். உள்ளூர் ஜெயில் சில நாளோ சில மாதமோ தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. பல உள்ளூர் ஜெயில்களில் காலாற நடக்கத் திறந்த வெளி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, கைத்தொழில் கற்க வழி கிடையாது, வைத்தியரும் நித்தியம் இருக்கமாட்டார். மாகாண ஜெயிலில் இவைகளில் சிலவாவது உண்டு. லூசியானா மாகாணத்தின் பெரிய ஜெயிலாகிய அங்கோலாவில், பெரும்பாலும் சாகும்வரை வெளியே வர முடியாத கைதிகள் உலோக வெல்டிங்கும் மோட்டார் ரிப்பேரும் கற்க வசதியிருக்கிறது. சீக்கிரம் வெளியே வந்து பிழைக்க வேண்டியவனோ உள்ளூர் ஜெயிலில் ஒன்றும் கற்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! அன்றியும், ஒரு கைதியை முன்கூட்டி விடுவதா என்று ஆலோசிக்கும்போது, அவன் ஜெயிலில் என்ன கற்றான், எந்தப் பயிற்சியை முடித்தான் என்பதும் கவனிக்கப்படுகிறது. பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டு, வருஷ முடிவில் "ஏன் பாஸாகவில்லை?" என்று கேட்பதைப் போன்ற யோக்கியமான காரியம் இது!

வைத்திய விஷயமும் அப்படியே. ஒருவனை அடைத்து வைக்கும் சர்க்கார் அவனுக்கு வைத்தியம் செய்விக்கவும் கடமைப்பட்டது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டார் 1976-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அடைபட்டவன் தானாகப் போய் வைத்தியரைப் பார்க்க முடியாதல்லவா? ஆனால் "இவன் மாகாணத்தின் கைதி, நாளைக்குப் போய்விடுவான்" என்று உள்ளூரார் நினைத்துக்கொண்டும், "இவன் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லையே" என்று மாகாணத்தார் நினைத்துக்கொண்டும் இருந்தால், நடுவில் இருக்கிறவனின் வியாதி இந்த இரண்டு நினைப்புக்காகவும் காத்துக்கொண்டிருக்குமா?

"உடனே" என்றால் எத்தனை நாள்?

நியூயார்க் மாகாணச் சட்டத்தில், தண்டனை அடைந்தவனை மாகாண ஜெயிலுக்கு "உடனே" ஒப்படைக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் "உடனே" என்றால் எத்தனை நாள் என்ற விவகாரம் கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி, 1988-ல் அந்த மாகாணத்தின் தலைமைக் கோர்ட்டுவரையில் போயிற்று. கடன் பட்டவன் "உடனே கொடுக்கிறேன்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் கிராமத்துக் குடியானவனுக்குத் தெரியும். சர்க்காரின் "உடனே"யும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான் போலும்!

டெக்சாஸ் மாகாணத்தில் நடந்தது இதைவிட வினோதமானது. அங்கே மாகாண ஜெயில்களில் கூட்டம் அளவுக்கு மிஞ்சியதால், இவ்வளவு பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்ற வரம்பு ஏற்பட்டது. 1987-ல் கூட்டம் அந்த வரம்பைத் தொடும்போதெல்லாம் மாகாண சர்க்கார் ஜெயில் கதவை அடைத்துக்கொண்டு புதுக் கைதிகளை வாங்க மறுத்தார்கள். கோர்ட்டுகளோ தண்டனை விதிப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர் வரும் வாய்க்கால் திறந்திருக்க, போகும் மடையை அடைத்தால் நடுவில் உள்ள வயல் என்னவாகும்? உள்ளூர் ஜெயில்கள் நிரம்பி வழிந்தன. ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் ஜெயில் விவகாரம் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுபட்டது. கடைசியில்தான், காகிதம் பூர்த்தியான 45 நாளைக்குள் கைதியை மாகாணம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதிலும் "காகிதம் பூர்த்தியான" என்ற வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். காகிதம் பூர்த்தியாவதற்கு முந்திய நாட்கள் அந்த 45-ல் சேரமாட்டா. ஆனால் கைதி அந்த நாட்களிலும் உள்ளேதான் இருக்கிறான்.

அலபாமா மாகாணத்தில் மார்கன் கவுண்டி ஜெயிலில், மாகாணம் கொண்டுபோக வேண்டிய கைதிகளும் சேர்ந்து அடைபட்டுக் கிடந்த விஷயம் 2001-ல் மத்திய கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. யு.டபிள்யூ. கிளெமன் என்னும் நீதிபதி அதை விசாரித்தார். அவர் அந்த மாகாணத்தில் மத்திய கோர்ட்டு நீதிபதியான முதல் கறுப்பர். அந்த ஜெயில் அறைகளைப் பார்த்தால் 18-ம் நூற்றாண்டில் அடிமைகளை அடைத்துச் சமுத்திரத்தில் கொண்டுவந்த கப்பல்களைப் போலவே இருக்கிறது என்ற கருத்துப்பட அவர் எழுதி, மாகாணத்தின் கைதிகளை மாகாணம் கொண்டுபோக வேண்டுமென்று உத்தரவிட்டார். எந்த ஜனங்களின் முன்னோர் அந்தக் கப்பல்களில் வந்தார்களோ அந்த ஜனங்களில் ஒருவரே இதை எழுத நேர்ந்ததென்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் வெள்ளம் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தது. அங்கே சுமார் 80,000 பேருக்காகக் கட்டிய மாகாண ஜெயில்களில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு பங்கு பேர் அடைபட்டிருந்தார்கள். ஒரே கக்கூசை 54 கைதிகள் உபயோகிக்க வேண்டியிருந்தது என்பது சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே காணப்படும் சங்கதி. கூட்டத்தைக் குறைத்தே தீர வேண்டும் என்று 2011 மே மாதத்தில் அந்தக் கோர்ட்டார் உறுதி செய்தார்கள். உடனே அவ்வருஷம் அக்டோபர் முதல், பலாத்காரமில்லாத சிறு குற்றக்காரர்கள் தங்கள் முழுத் தண்டனையையும் உள்ளூர் ஜெயிலிலேயே கழிக்க வேண்டும் என்று சட்டம் மாறிற்று. இதனால் மாகாண ஜெயிலில் நெரிசல் குறைந்ததென்பது உண்மை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எண்ணிக் கட்டிய கட்டடத்தில், ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட தண்டனைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் தங்க நேர்ந்தது. வீட்டுக் குப்பையைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லுவதைப் போலத்தான் நாம் இதைக் கருத வேண்டியிருக்கிறது.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. மாகாண ஜெயில்களில் நோய் நுழையாமலிருக்க, கலிபோர்னியா மார்ச்சு மாதத்திலும் டெக்சாஸ் ஏப்ரல் மாதத்திலும் உள்ளூர் ஜெயில்களிலிருந்து ஆள் வாங்குவதை நிறுத்தின. ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளூர் ஜெயில்களில் தேங்கினார்கள். நோய்க்கு மாகாண எல்லையும் கவுண்டி எல்லையும் தெரியாது. அது உள்ளூர் ஜெயிலிலும் பரவிற்று.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சீக்கிரம் மாற்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்று நாம் சொல்ல வரவில்லை. அதே 2020 மே மாதக் கடைசியில், கலிபோர்னியாவில் சீனோ என்னுமிடத்து ஜெயிலிலிருந்து 122 கைதிகளைச் சான் குவென்டின் ஜெயிலுக்குப் பஸ்களில் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு நோய்ப் பரிசோதனை நடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. புதிதாகப் பரிசோதிக்காமலே ஏற்றிவிட்டார்கள். விளைவாகச் சான் குவென்டினில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்கு நோய் கண்டு, 28 கைதிகளும் ஓர் உத்தியோகஸ்தரும் இறந்தார்கள். தாமதமும் கொல்லும், அஜாக்கிரதையும் கொல்லும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: கைதியை ஓர் எண்ணாக நினைத்து ஆளாக நினையாதது.

பணம் பேசும் இடம்

இதுவரை சொன்ன இடங்களில் ஷெரிப்புகள் "எங்கள் ஜெயில் நிரம்பிவிட்டது, கைதிகளைக் கொண்டுபோங்கள்" என்று கூச்சலிட்டார்கள். லூசியானா மாகாணத்தில் இந்தக் கூச்சல் அவ்வளவாகக் கேட்பதில்லை. காரணத்தைக் கேட்டால் வாசகர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

லூசியானாவில் கவுண்டிக்குப் பாரிஷ் என்று பெயர். பாரிஷ் என்பது பாதிரியாரின் எல்லையைக் குறிக்கும் பழைய வார்த்தை. அப்படி 64 பாரிஷ்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் மாகாண ஜெயில்களின் நெரிசலைக் குறைக்கும்படி மத்திய கோர்ட்டு உத்தரவு இருந்தது. ஆட்களை அடைப்பதைக் குறைக்கலாம், அல்லது புது ஜெயில் கட்டலாம். குறைக்க மனமில்லை, கட்டப் பணமில்லை. ஆகவே, "நீங்கள் கட்டுங்கள், நாங்கள் ஆள் அனுப்பித் தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் கொடுத்துவிடுகிறோம்" என்று ஷெரிப்புகளைத் தூண்டினார்கள். ஷெரிப்புகள் கட்டினார்கள். இப்படியாக அந்த மாகாணத்தின் கைதிகளில் சுமார் பாதிப்பேர் மாகாண ஜெயிலைக் காணாமல் உள்ளூர் ஜெயில்களிலேயே காலம் கழிக்கும்படியாயிற்று. 2012-ல் தலைக்குத் தினம் 24 டாலர் 39 சென்ட் கொடுத்தார்கள். பிறகு அது 26 டாலர் 39 சென்டாயிற்று. மாகாண ஜெயிலில் வைத்தால் ஆகும் செலவு இதைவிட வெகு அதிகம். ஆகையால் மாகாணத்துக்கும் லாபம். கொடுத்த பணத்துக்குள் சிக்கனமாகச் சோறு போட்டு மிச்சம் பிடித்தால் ஷெரிப் ஆபீசுக்கும் லாபம். படுக்கை காலியாயிருந்தால் நஷ்டம். ஆகவே காலிப் படுக்கையை நிரப்ப, மற்றப் பாரிஷ்களுக்கு டெலிபோன் செய்து "கைதிகள் மிச்சமிருக்கிறார்களா?" என்று விசாரிக்கும் ஜெயில் அதிகாரிகளைப் பற்றி அந்த ஊர்ப் பத்திரிகை 2012-ல் விஸ்தாரமாக எழுதிற்று. சந்தையில் மாடு விசாரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

மனித உடம்பைக் கொண்டு பணம் பண்ணுவது அந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. அங்கோலா ஜெயில் நிற்கும் 18,000 ஏக்கர் பூமி முன் காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை. 1865-ல் அடிமைத்தனத்தை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தத்திலேயே, "குற்றத்துக்குத் தண்டனையாக" என்றால் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். அந்த வழியாக, உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் லூசியானாக் கைதிகள் குத்தகைக்கு விடப்பட்டார்கள். 1901-ல்தான் மாகாண சர்க்கார் தங்கள் கைதிகளைத் தாங்களே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இன்றும் மாகாண ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கான கறுப்பர்கள், கைதிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்காக இருக்கிறார்கள். பிறப்பினால் தாழ்த்தப்பட்டவன் நாள் அதிகம் ஜெயிலில் இருந்தால் அதைப்பற்றி ஊரார் அதிகம் கேட்கமாட்டார்கள் என்பது எல்லாத் தேசத்து அதிகாரிகளுக்கும் தெரிந்த இரகசியம்.

இனி விளைவைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் நீதி இலாகா விசாரித்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதத்தில் லூசியானா மாகாண இலாகாவின் காவலிலிருந்து வெளிவந்தவர்களில் நூற்றுக்கு 27 பேர்வரை, விடவேண்டிய நாள் கடந்தபின்பே விடப்பட்டார்கள் என்றும், அப்படிக் கூடுதலாக அடைபட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 90 நாளோ அதற்கு மேலோ அதிகம் இருந்தார்கள் என்றும் அது சொல்லுகிறது. 2012 முதலாவது இப்படி நடந்துவருகிறதென்றும், மாகாண அதிகாரிகளுக்கு இது தெரியுமென்றும் சொல்லுகிறது. இந்த நான்கு மாதத்தில் மட்டும், சட்டப்படி விட்டிருக்க வேண்டிய மனிதர்களை வைத்திருந்ததற்காக உள்ளூர் ஜெயில்களுக்கு 8,50,000 டாலருக்கு மேல் மாகாணம் படி அளந்திருக்கிறது! திருடனை அடைக்கப் பணம் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடைக்கக் கூடாதவனை அடைத்ததற்கும் பணம் கொடுப்பதை என்னவென்று சொல்லுவது? கடைசியில் 2024 டிசம்பரில் அந்த இலாகா லூசியானா மாகாணத்தின்மீது வழக்கே தொடர்ந்தது.

இதன் மர்மம் மேலே சொன்ன காகிதம்தான். விடுதலை நாளைக் கணக்கிடும் அதிகாரம் மாகாண இலாகாவினுடையது. ஆனால் காகிதம் வந்து சேராதவரையில் அவர்கள் கணக்கை ஆரம்பிப்பதில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கோர்ட்டில் தண்டனை அடைந்து, தூரத்திலுள்ள வேறொரு பாரிஷ் ஜெயிலில் வைக்கப்பட்டிருந்த ஐந்து பேரின் கதையைக் கேளுங்கள். விசாரணைக் காலத்தில் அவர்கள் உள்ளே கழித்த நாட்களைச் சேர்த்துக்கொண்டால் தண்டனை தீர்ந்தே போயிருந்தது. ஆனால் அவர்களுடைய காகிதத்தை அனுப்ப வேண்டியது இந்தப் பாரிஷா, அந்தப் பாரிஷா என்ற குழப்பத்தில் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். வெளியே வந்தபின் அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். மாகாண ஜெயில் அதிகாரிகள் தங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்று வாதாடியதை 2022-ல் மேல்கோர்ட்டார் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள்.

நிற்க, இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படுகிறது. கைதியால் நஷ்டம் என்றால் உள்ளூரார் "கொண்டுபோ" என்கிறார்கள், மாகாணத்தார் கதவை அடைக்கிறார்கள். கைதியால் லாபம் என்றால் உள்ளூரார் வாய் திறப்பதில்லை, மாகாணத்தாரும் கேட்பதில்லை. சண்டையிலும் சமாதானத்திலும் இரண்டு தரப்பாரும் பார்க்கும் கணக்கு பணக் கணக்கே. கைதியின் நாட்களுக்குக் கணக்குப்பிள்ளை ஒருவரும் இல்லை. மார்கன் கவுண்டியிலேயே இதற்கு மற்றோர் அத்தாட்சி உண்டு. கைதிக்குத் தினம் 1 டாலர் 75 சென்ட் வீதம் வரும் சாப்பாட்டுப் பணத்தில் மிச்சத்தை ஷெரிப் எடுத்துக்கொள்ளலாம் என்று அலபாமாவில் சட்டம் இருந்தது. அந்தக் கவுண்டி ஷெரிப் மூன்று வருஷத்தில் சுமார் 2,12,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்று தெரியவந்தபோது, 2009-ல் அதே நீதிபதி கிளெமன் அவரையே ஜெயிலில் வைத்தார். ஆசாமியைத் தண்டித்தது சரிதான். ஆனால் பட்டினி போட்டால் பணம் மிஞ்சும் என்று எழுதி வைத்த சட்டமல்லவா முதல் குற்றவாளி?

ஆட்சேபணைகள்

"திருடர்களுக்கும் கொலைகாரர்களுக்கும் பரிந்து பேசுவதா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். நாம் யாருடைய குற்றத்தையும் நியாயமென்று சொல்லவில்லை. கோர்ட்டு விதித்ததுதான் தண்டனை. அதற்கு மேல் ஒரு நாள் அடைத்தாலும் அது தண்டனையாகாது. ஒரு மனிதனின் ஆயுளில் ஒரு நாளைத் திருடுவதே ஆகும். திருட்டைத் தண்டிக்கும் ஸ்தாபனம் தானே திருடினால், திருட்டைத் தண்டிக்க அதற்கு என்ன யோக்கியதை மிஞ்சும்?

"மாகாண ஜெயில் மட்டும் சொர்க்கமா? அங்கேயும் நெரிசலும் அடிதடியும் இல்லையா? உள்ளூரில் இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளாவது வந்து பார்ப்பார்களே" என்று கேட்பது கொஞ்சம் நியாயமான ஆட்சேபணை. மாகாண ஜெயில் நல்ல இடமென்று நாம் சொல்லவில்லை. சில கைதிகள் உள்ளூரிலேயே இருக்க விரும்பவும் கூடும். அப்படியானால் அவர்களைக் கேட்டு, எழுதி வாங்கி, உள்ளூர் ஜெயிலில் படிப்பும் வைத்தியமும் ஏற்படுத்திவிட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒருவரையும் கேட்காமல், ஒன்றும் கொடுக்காமல், காகிதம் வரவில்லை என்ற சாக்கில் வைத்திருப்பதுதான் கூடாது. இரண்டு ஜெயிலும் நிரம்பியிருக்கிறதென்றால் அடைக்க வேண்டாதவர்களை அடைப்பதை நிறுத்துவதே அதற்குப் பரிகாரம்.

நம் நாட்டில்

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் பாத்தியமில்லை. நம் நாட்டில் ஷெரிப்புக் குத்தகை இல்லாவிட்டாலும் காகிதத் தூக்கம் தாராளமாக உண்டு. ஆக்ரா சென்ட்ரல் ஜெயிலில் 13 கைதிகள், சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தும் உத்தரவு கைக்கு வரவில்லை என்ற காரணத்தால் வெளிவராமலிருந்த சங்கதி 2021 ஜூலையில் தெரியவந்தது. குற்றம் நடந்தபோது அவர்கள் சிறுவர்கள் என்று முன்னமே முடிவானவர்கள். இந்தக் காலத்திலும் கோர்ட்டு உத்தரவைக் கொண்டுபோகப் புறாவை எதிர்பார்த்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்ற கருத்துப்படத் தலைமை நீதிபதி கேட்டார். பிறகு 2022 மார்ச்சில், உத்தரவுகளைக் கம்ப்யூட்டர் மூலம் ஜெயிலுக்கு நேரே அனுப்பும் ஏற்பாடு செய்தார்கள். ஜாமீன் உத்தரவின் பிரதியை அன்றைக்கோ மறுநாளோ கைதிக்கே சேர்ப்பிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. மனசு வைத்தால் காகிதம் ஓடும் என்பதற்கு இதுவே சாட்சி.

செய்ய வேண்டியது

நம் அபிப்பிராயத்தில் காரியம் கஷ்டமானதல்ல. முதலாவது, "உடனே" என்ற வார்த்தையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு நாளை எண்ணில் எழுத வேண்டும். அந்த நாளும் காகிதம் பூர்த்தியான தேதியிலிருந்து அல்லாமல் தீர்ப்புச் சொன்ன தேதியிலிருந்தே எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, தீர்ப்பன்றே கோர்ட்டிலேயே விடுதலை நாளைக் கணக்கிட்டு ஒரு சீட்டில் எழுதிக் கைதியின் கையிலும் அவன் குடும்பத்தார் கையிலும் கொடுக்க வேண்டும். மளிகைக்கடைக்காரன் கூடக் கணக்குச் சீட்டுக் கொடுக்கிறான். ஓர் ஆளின் ஆயுளை வாங்கிக்கொள்ளும் சர்க்கார் கொடுக்கக் கூடாதா? மூன்றாவது, கெடு கடந்த நாளுக்கு உள்ளூர் ஜெயிலுக்குப் படி கொடுப்பதை நிறுத்தி, தாமதம் செய்த இலாகாவே கைதிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். வைத்திருந்தால் லாபம் என்பது போய், வைத்திருந்தால் நஷ்டம் என்று ஆனால் காகிதம் தானாக நடக்கும். நான்காவது, மாற்றும்போது கைதியோடு அவனுடைய வியாதிக் குறிப்பும் மருந்தும் கூடப் போக வேண்டும். ஐந்தாவது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்பதை மாதம் ஒரு முறை யாவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

நம் ஜனங்களில் சிலர், ஜெயிலில் கூடுதல் நாள் கிடந்தவனைப் பார்த்து "அவன் தலையில் அப்படி எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தலையில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதியது கோர்ட்டுக் குமாஸ்தா. எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தது ஓர் ஆபீசு. அனுப்பாமலிருப்பதில் லாபம் வைத்தது ஒரு சட்டம். இந்த மூன்றும் மனிதன் செய்தவை, மனிதனால் திருத்தக்கூடியவை. திருத்தாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒருவனுடைய நாள் என்பதை மாத்திரம் வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.